படி விளிம்புப் பட்டை

படி விளிம்புப் பட்டை என்பது மாடிப்படியில் ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும் பொருத்தப்படும் குறுகலான காப்புப் பட்டை ஆகும். பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர், பி.வி.சி. ஆகியவற்றில் இது கிடைக்கிறது. ஹார்டுவேர் கடைகளில் 'ஸ்டெப் நோசிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். படியில் கால் வைக்கும் கிடைமட்டப் பரப்பைக் கட்டட வேலையில் டிரெட் என்றும், நிமிர்ந்து நிற்கும் முகப்பை ரைசர் என்றும் சொல்வது வழக்கம். இவை இரண்டும் சந்திக்கும் முனையே விளிம்பு.

பட்டைக்கு மூன்று வேலைகள் உண்டு. விளிம்பு உடையாமலும் தேயாமலும் காப்பது முதலாவது. கால் வழுக்காமல் பிடித்துக்கொள்வது இரண்டாவது. படி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது மூன்றாவது. பெரும்பாலோர் முதல் வேலைக்காகத்தான் இதை வாங்குகிறார்கள். ஆனால் உயிரையும் எலும்பையும் காப்பவை பின்னிரண்டும்தான்.

விளிம்பில் நடப்பது

படியில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்தானது. ஏறும்போது உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கால் தவறினாலும் கையை ஊன்ற அடுத்த படி அருகிலேயே இருக்கும். இறங்கும்போது உடலின் எடை முழுவதும் ஒரு காலில் நிற்க, மற்றக் கால் கீழே இறங்கி, முன்பாதம் முதலில் விளிம்பருகே படுகிறது. ஆண்கள் அணியும் செருப்பு 270 மி.மீ. நீளத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். வீட்டுப் படியின் டிரெட் பெரும்பாலும் 250 மி.மீ. அகலமே உள்ளது. எனவே ஒவ்வோர் அடியிலும் செருப்பின் நுனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உடலைத் தாங்குவது விளிம்பை ஒட்டிய சில விரற்கடை இடம்தான். அந்த இடம் தேய்ந்து வளைந்திருந்தாலோ, ஈரமாக இருந்தாலோ, அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனாலோ கால் சறுக்குகிறது.

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் ஏற்படும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். இவை எல்லாமே படியில் நேர்பவை அல்ல. ஆனாலும் வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அவர் பழையபடி எழுந்து நடமாடுவது எத்தனை கடினம் என்பதை அனுபவித்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

பழைய படிகள்

படியின் விளிம்பு தேய்வது புதிய சிக்கல் அன்று. கோயில் குளத்துக் கருங்கற்படிகளின் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். கல்லே தேயும்போது சுண்ணாம்பும் சிமெண்டும் எந்த மூலைக்கு? திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாட்களுக்கு ஒன்று என்று அதற்குக் கணக்குச் சொல்வார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று நடைபெறும் திருப்படித் திருவிழாவில், அடியார்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றுகின்றனர். அது வழிபாடு. பாதுகாப்புக்காகச் செய்யப்படுவது அன்று. இருந்தாலும் சாம்பல் நிறக் கல்லின்மேல் மஞ்சளும் சிவப்பும் வந்துவிட்டால் படிகள் தனித்தனியே பளிச்செனத் தெரிகின்றன. கோயில் படிகளுக்கும் மதில்களுக்கும் வெள்ளை, காவி வண்ணங்களை மாற்றி மாற்றிப் பூசும் பழக்கத்திலும் இதே பயன் தானாக வந்து சேர்கிறது.

ஆங்கிலேயர் காலத்து அலுவலகக் கட்டடங்களின் மரப்படிகளில் பித்தளைப் பட்டை அடிப்பது வழக்கமாக இருந்தது. கான்கிரீட் வந்த பிறகு, படி வார்க்கும்போதே விளிம்பில் இரும்பு ஆங்கிளைப் பதித்து வார்த்தார்கள். பழைய பள்ளிக்கூடங்களிலும் திரையரங்குகளிலும் இவற்றை இன்றும் காணலாம். மொசைக் தரை பரவலாக இருந்த காலத்தில் விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று கருப்புக் கோடுகள் போடுவது வழக்கம். அது வெறும் அலங்காரம் என்று பலர் நினைத்துவிட்டனர்.

பிரிட்டனில் 1897-இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் வண்டிகளின் பிரேக் கட்டைகளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய ஃபெரோடோ நிறுவனம் பிற்பாடு படி விளிம்புப் பட்டைகளையும் விற்றது. சக்கரத்தை நிறுத்துவதும் காலை நிறுத்துவதும் உராய்வுதானே. அதற்குச் சற்று முன்பு, 1891-இல், அமெரிக்காவில் எட்வர்ட் அச்சசன் கார்போரண்டம் எனப்படும் சிலிக்கான் கார்பைடு தூளைச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். வைரத்துக்கு நெருங்கிய கடினம் கொண்ட இந்தத் தூள், சாணைக்கல்லுக்குப் பயன்படுவதுபோலவே வழுக்காத பட்டைகளுக்கும் பயன்பட்டது. இத்தகைய உராய்பொருள்களைத் தயாரிக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வடசென்னையின் திருவொற்றியூரில் அதன் ஆலை உள்ளது.

ஆரணிப் பகுதி வீடுகளில்

தமிழ்நாட்டில் ஆரணி என்றால் பட்டுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஊரே நினைவுக்கு வரும். இங்கே குறிப்பிடப்படுவது பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றின் பக்கமாக, பொன்னேரி வட்டத்தில் உள்ள பேரூர். இதன் வடகிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இப்பகுதியில், தமிழகத்தின் பிற சிற்றூர்களைப் போலவே, மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டுவது மிகுதி. மாடியை வாடகைக்கு விட அதுவே வசதி. ஆனால் வெளிப்படி வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் நேரடியாக வாங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாசி பிடிக்கிறது. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் திரும்பும் தொழிலாளி அரைகுறை வெளிச்சத்தில் ஏறவேண்டிய படியும் அதுதான்.

புதிய வீடுகளில் படிக்குக் கிரானைட் பதிப்பது இப்போது பரவலாகிவிட்டது. 20 மி.மீ. கனமுள்ள பலகையின் அடியில் இன்னொரு பட்டையை ஒட்டி, விளிம்பை 40 மி.மீ. தடிப்பாக்கி, அதை அரைவட்டமாக உருட்டிப் பளபளப்பாக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த உருட்டலின் ஆரம் 20 மி.மீ. எனவே டிரெட்டின் கடைசி 20 மி.மீ. சமதளமாக இல்லாமல் சரிந்துவிடுகிறது. மிகவும் தேவைப்படும் இடத்திலேயே பிடிமானம் குறைகிறது என்பது பொருள். அமெரிக்காவின் அணுகல்தன்மை விதிகள் விளிம்பு வளைவின் ஆரத்தைச் சுமார் 13 மி.மீட்டருக்குள் கட்டுப்படுத்துவது இதனால்தான். விளிம்பருகே மூன்று வரி பள்ளம் வெட்டினால் போதும் என்று சொல்வது உண்டு. பள்ளம் நீரை ஓரளவு வடியவிடும். ஆனால் பள்ளங்களுக்கு இடையிலுள்ள கல் அதே பளபளப்போடுதான் இருக்கிறது. அழுக்கு சேர்ந்து பள்ளம் மூடிவிட்டால் அந்தப் பயனும் இல்லை. வீட்டைக் கட்டும்போதே முடிவு செய்ய முடிந்தால், விளிம்பை ஒட்டிச் சொரசொரப்பான வேற்று நிறக் கல்பட்டை ஒன்றைப் பதித்துவிடுவது நல்லது.

எந்தப் பொருள், எங்கே

பித்தளை துருப்பிடிக்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம். வழவழப்பான பித்தளை ஈரத்தில் வழுக்கும் என்பதால் வரியிட்டதையே வாங்கவேண்டும்.

இரும்பு ஆங்கிள் உறுதியானது. ஆனால் பழவேற்காடு, பொன்னேரி போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். துரு, தான் உருவான இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது உள்ளே உப்பும்போது விளிம்புக் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளுகிறது. காப்பதற்காக வைத்தது உடைப்பதாகிவிடுகிறது.

அலுமினியம் இன்று மிகுதியாக விற்பது. இதில் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை. ஈரச் சிமெண்டுக் கலவையின் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும். ஆகவே புதுக் கலவையில் அப்படியே பதிக்கக்கூடாது. அடிப்பக்கத்துக்குப் பூச்சு கொடுத்தோ, கலவை நன்கு உலர்ந்த பிறகு திருகு அடித்தோ பொருத்தவேண்டும். இரண்டாவது, வெப்பத்தில் அலுமினியம் கான்கிரீட்டைப்போல் சுமார் இரண்டு மடங்கு விரிகிறது. 1.2 மீட்டர் நீளப் பட்டை 30 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.8 மி.மீ. நீளும். அடியிலுள்ள கான்கிரீட் அதில் பாதியளவே நீளும். வெளிப்படியில் இது தினமும் நடக்கிறது. பசையால் மட்டும் ஒட்டிய பட்டை சில கோடைகளில் தளர்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பரும் பி.வி.சி.யும் வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். வெயிலில் பி.வி.சி. மொறுமொறுப்பாகி வெடிக்கும். மணல்தாள்போல் இருக்கும் ஒட்டும் நாடாதான் மிகவும் மலிவு. ஆனால் நாள்தோறும் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடுகளில் அதன் முனை விரைவில் உரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் படியை நன்கு துடைத்து உலரவிட்டு, நாடாவின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக நறுக்கிக்கொண்டால் சற்றுக் கூடுதல் காலம் தாங்கும்.

ஆலைகளில்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கு, உருட்டாலைகள் பல உள்ளன. அங்கே படிகளில் எண்ணெயும் நுண்ணிய தூசும் படிவது தவிர்க்க முடியாதது. உலர்ந்த தூசுகூடச் சிறு உருண்டைகள்போல் செருப்பின் அடியில் உருளும். மேடு பதித்த செக்கர்டு தகட்டால் படி செய்வது இதற்கு ஒரு தீர்வு. ஆனால் மேடுகள் தேய்ந்து மழுங்கிய தகடு வழவழப்பான தகட்டைவிட அதிகம் ஏமாற்றும். வழுக்காது என்ற நம்பிக்கையில் கால் வேகமாக வைக்கப்படுகிறது. எண்ணெயும் தூசும் கீழே விழுந்துவிடும்படி, இடைவெளி விட்ட கிரேட்டிங் படிகளே இத்தகைய இடங்களுக்கு ஏற்றவை. அவற்றின் முன் விளிம்பில் மட்டும் மணல் பதித்த மஞ்சள் பட்டை வைக்கப்படுகிறது. விளிம்புப் பட்டை இல்லாத கிரேட்டிங்கை மேலிருந்து பார்த்தால், படிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே வலைபோலத் தெரியும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 32-ஆம் பிரிவு, படிகள் உறுதியாகக் கட்டப்பட்டு நன்கு பராமரிக்கப்பட வேண்டும் என்றும், வழுக்கக்கூடிய பொருள்களோ தடைகளோ அவற்றில் இருக்கக்கூடாது என்றும், தேவையான இடங்களில் கைப்பிடி வேண்டும் என்றும் கூறியது. படியில் எண்ணெய் கிடப்பது கவனக்குறைவு மட்டும் அன்று, சட்டப்படி நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய விஷயம் என்பதைத் தொழிற்பயிற்சி மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கட்டட விதிகள்

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, குடியிருப்புகளில் டிரெட்டின் அகலம் 250 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது. ரைசரின் உயரம் 190 மி.மீட்டரை மிஞ்சக்கூடாது. பொதுக் கட்டடங்களில் இவை முறையே 300, 150 மி.மீ. அகலத்தை அளக்கும்போது முன்னே நீட்டிய மூக்குப் பகுதியைச் சேர்க்கக்கூடாது. இடம் போதாதபோது விளிம்பை நீட்டிக் கணக்குக் காட்டுவது பலருக்குக் கைவந்த கலை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வழிகாட்டுதல்கள் ஒரு படி மேலே செல்கின்றன. விளிம்பு முன்னே நீட்டக்கூடாது. நீட்டினால் ஊன்றுகோலும் கால்விரலும் அதில் தடுக்கும். விளிம்பில் 50 மி.மீ. அகலத்துக்கு வேறுபட்ட நிறத்தில் வழுக்காத பட்டை இருக்கவேண்டும். கண்புரை உள்ளவர்களுக்கும், இரட்டைக் குவியக் கண்ணாடி போடுபவர்களுக்கும் இது பெரிய உதவி. அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் காலடியிலுள்ள படி மங்கித் தெரியும்.

பொருத்துவதில் நேரும் தவறுகள்

பட்டையை விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒட்டுவதுதான் மிகவும் பரவலான தவறு. கண் பட்டையின் முன்கோட்டையே படியின் முடிவாக எடுத்துக்கொள்கிறது. உண்மையான முடிவு வேறிடத்தில் இருந்தால் கால் ஏமாறும். பட்டை விளிம்போடு ஒட்டியே தொடங்கவேண்டும். ஒரே படியில் அகலமான இரண்டு மூன்று பட்டைகள் ஒட்டினாலும் எது விளிம்பு என்ற குழப்பம் வரும்.

ஒரு படிக்குப் போட்டு மறு படிக்கு விடுவது, மேல்படியையும் கடைசிப் படியையும் விட்டுவிடுவது ஆகியவையும் உண்டு. தடுமாற்றம் மிகுதியாக நேர்வது இந்த முதல், கடைசிப் படிகளில்தான். தடித்த பட்டையை டிரெட்டின்மேல் அப்படியே வைத்தால் 4, 5 மி.மீ. மேடு உண்டாகி, ஏறும்போது கால்விரல் தட்டும். அதற்குப் பள்ளம் வெட்டிச் சமமாகப் பதிக்கவேண்டும். திருகின் தலை பட்டைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். அலுமினியப் பட்டைக்குச் சாதாரண இரும்புத் திருகு போட்டால் ஈரத்தில் இரு உலோகங்களும் சேர்ந்து அரிப்பு விரைவாகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகே ஏற்றது. ஒரு முனை பெயர்ந்து நிற்கும் பட்டையைச் சரிசெய்ய நாளாகும் என்றால், அதுவரை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிடுவது பாதுகாப்பு. அரைகுறையாகத் தொங்கும் பட்டை, பட்டையே இல்லாத படியைவிட மோசம்.

பட்டையின் நிறம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. விளக்கு ஏற்றுவதற்குச் சற்று முன், பொழுது சாயும் வேளையில், மாடியின் தலைப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றபடி கீழே பார்த்துப் படிகளை எண்ணவேண்டும். நின்ற இடத்திலிருந்தே எண்ணிக்கை தவறாமல் வந்தால் நிறம் போதும். இரண்டு படிகள் ஒன்றாகத் தெரிந்தால் மஞ்சளோ வெள்ளையோ வாங்கிவரவேண்டியதுதான். வெளிர்நிறத் தரையானால் கருப்போ கரும்பழுப்போ ஏற்றது.