கட்டைக்கூத்தும் சுயமார்க்கமும்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற இந்தக் காலத்திலும், பங்குனி பிறந்துவிட்டால், காஞ்சிபுரத்தைச் சுற்றியும் செய்யாற்றுப் பக்கத்திலும் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கட்டைக்கூத்தும் நடந்தே வருகின்றன. கர்ணன் மாள்வான், துரியோதனன் தொடை முறிவான் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இலர். அப்படியிருக்க, இராத்திரி பத்து மணி தொடங்கி விடியும் மட்டும் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு அறிந்த கதையில் என்ன புதுமை கிடைக்கிறது என்பதே விசாரிக்கத் தக்க விஷயம்.

இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். முகம் தெரிவதில்லை, இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தின் உச்சியும் புஜக்கட்டையின் ஓரமும் மட்டுமே விளக்கொளியில் மின்னுகின்றன. முகவீணை வீறிட, மிருதங்கமும் டோலக்கும் முழங்க, பின்பாட்டுக்காரர்கள் அடியெடுத்துத் தாங்க, அவன் திரைக்குள்ளிருந்தே தன் பிரதாபத்தைப் பாடிச் சபைக்கு வந்ததும், கூத்தின் விதூஷகனான கட்டியக்காரன் அவனுடைய நாமதேயத்தை விசாரிக்கத் தொடங்குகிறான். பாட்டு பரம்பரையாக வந்தது. இவ்விருவர் சம்பாஷணையோ பெரும்பாலும் அந்த இராத்திரியிலேயே பிறப்பது. ஊர்ப் பஞ்சாயத்து, தண்ணீர்க் கஷ்டம், கூட்டத்தில் குறட்டை விடுகிறவர் எல்லாம் அஸ்தினாபுர ராஜாங்கத்திற்குள் புகுந்துவிடும். சிருஷ்டி என்று நாம் பெரிதாகப் பேசும் காரியம் இத்தகைய இடைவெளிகளில்தான் நடைபெறுகிறது என்பது என் அபிப்பிராயம். சூனியத்திலிருந்து கதை உண்டாக்குபவனுக்கே அந்தப் பட்டம் உரியது என்று எண்ணுவது நம்மைப்போல் படித்தவர்களைப் பிடித்த மயக்கம்.

வந்த வழிக்குள்ளேயே புதிது செய்கிற, மேடையில் கற்ற இந்த வித்தையைத் தம் ஜீவிதத்திலும் பிரயோகித்தவர் பெருங்கட்டூர் பொ. இராஜகோபால். 1953-இல் கூத்துக் குடும்பத்தில் பிறந்த அவர், பத்து வயதுவாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டுத் தந்தையார் பொன்னுசாமியின் ஜமா என்னும் கூத்துக் குழுவில் சேர்ந்தார். ஜமாவில் பிறந்த பிள்ளைக்குப் பாதை முன்பே போட்டு வைத்தது. வேஷம் கட்டுவதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பாதையை அவர் விட்டு விலகவுமில்லை, போட்டது போட்டபடியே வைத்துக்கொள்ளவுமில்லை. 1990-இல் சக கலைஞர்களுடன் கூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினார். பின்னர், நெதர்லாந்திலிருந்து வந்து இக்கலையை ஆராய்ந்தவரும் அவருடைய வாழ்க்கைத் துணைவியுமான ஹன்னே டி புரூயினுடன், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் ஒரு குருகுலத்தைத் தொடங்கி, தமக்குக் கிடைக்காத பள்ளிப் படிப்பையும் கூத்தையும் குழந்தைகளுக்கு ஒருசேர அளிக்கலானார். கூத்து வேண்டுமானால் படிப்பைத் துறக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அங்கே செல்லாமற் போயிற்று.

மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்க, சீஸன் போனால் வருமானமும் போகிற தொழிலுக்கு வாலிபர்கள் தயங்குவதில் குற்றம் காண இயலாது; பாரத வீரம் அரிசிக் கடையில் செல்லாது. கையில் ஒரு படிப்பும் இருந்தால், கூத்தைத் தொடர்வதோ விடுவதோ அவரவர் தீர்மானமாகிறது, அவ்வளவே.

இதனினும் துணிகரமான காரியம் அக்குருகுலத்தில் பெண் குழந்தைகளைச் சேர்த்தது. திரௌபதி வேஷத்தையும் ஆண்மகனே கட்டுவது இக்கூத்தின் வழக்கம். கிரீடமும் கட்டைகளும் தரித்து இரவெல்லாம் சுழன்றாட ஸ்திரீகளால் ஆகுமா, அப்படி ஆடினவளுக்குக் கல்யாணம் ஆகுமா என்ற இரண்டு கேள்விகளை எந்தத் தாய் தகப்பனும் கேட்கத்தான் செய்வார்கள். முதற்கேள்விக்கு அங்கே பயின்ற பெண்கள் விடிய விடிய ஆடியே விடை சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கேள்வியோ, குருகுலம் 2020-இல் மூடப்பட்ட பின்னரும், நன்றாகப் பயின்ற பெண் கல்யாணத்தோடு வேஷத்தைக் கலைத்துவிட வேண்டிவருகிற வீடுகளில் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.