ஊசி போட்ட நாய்க்கும் ஏன் வயிற்றோட்டம்?

கல்முனையிலிருந்து ஒரு குடும்பம் உம்ராவுக்குப் புறப்படும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை அயல்வீட்டில் கொடுத்துவிடலாம். வளவு நாயை அவ்வளவு இலகுவாக ஒப்படைத்துவிட முடியாது. கொழும்பிலும் கண்டியிலும் காசுக்கு நாய் பார்க்கும் காப்பகங்கள் இருக்கின்றன. அம்பாறைக் கரையோரத்திலோ நாய் பெரும்பாலும் போய்ச் சேர்வது மச்சானின் மாட்டுப்பட்டிக்கு, அல்லது வயல்வாடிக்கு, அல்லது ஏற்கனவே மூன்று நாலு நாய் நிற்கும் தெரிந்தவர் ஒருவரின் வளவுக்கு. பெயர் எதுவானாலும் இவையும் காப்பகங்கள்தான். பல நாய்கள் ஒரே மண்ணை மிதித்து, ஒரே சட்டியில் தண்ணீர் குடிக்கும் இடங்கள்.

நாய் வீடு திரும்பிச் சில நாட்களில் சத்தி எடுக்கிறது, வயிற்றால் போகிறது, சோற்றை முகர்ந்தும் பார்க்காமல் சுருண்டு படுக்கிறது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் அவர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, தடுப்பூசி போட்டதா என்பது. "ஊசியெல்லாம் போட்டாச்சு டொக்டர்" என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் போட்டது எந்த ஊசி?

பெரும்பாலும் அது விசர்நோய்த் தடுப்பூசி. விசர்நோயைக் கட்டுப்படுத்த 1893 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகவே போட்டு வருகிறது. மனித உயிரைக் காக்கும் ஊசி என்பதால் அதற்கு அந்த முக்கியத்துவம் தேவைதான். ஆனால் நாயின் குடலைத் தாக்கும் நோய்களுக்கும் அந்த ஊசிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குடலைக் காக்கும் ஊசி வேறு. அதை நாய் வைத்திருப்பவர்தான் பணம் கொடுத்துப் போட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இறந்துபோகும் குட்டிகள் ஏராளம்.

அந்த இரண்டாவது ஊசி எதற்காக வந்தது என்பதை அறிய 1978 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் உலகின் பல நாடுகளில் நாய்கள் இரத்தமும் சளியுமாக வயிற்றால் போய் இறக்கத் தொடங்கின. குட்டிகள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. அதுவரை நாய்களில் யாரும் கண்டிராத பார்வோ வைரஸ் அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு அது மிக நெருங்கிய உறவு. இரண்டே ஆண்டுகளில் அது உலகம் முழுவதும் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் அதற்கு எதிரான சக்தி இருக்கவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மேக்ஸ் அப்பெல் ஆகியோர் இதற்கான தடுப்பூசியை உருவாக்கினார்கள். நமக்கு அருகே, 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் இந்த நோய் பதிவாகிவிட்டது. இன்று தெற்காசியாவில் நாய்க்குட்டிகளைக் கொல்லும் முக்கிய நோய்களில் இதுவும் ஒன்று.

பார்வோ வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தேடிப் போகும் வைரஸ். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அந்தப் புது உயிரணுக்கள் பிறக்கும் இடத்தையே வைரஸ் அழித்துவிடுகிறது. சுவர் உரிந்துபோன குடலால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. குடலில் இருக்கும் கிருமிகளும் இரத்தத்துக்குள் புகுந்துவிடும். அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையையும் அதே வைரஸ் தாக்குகிறது. சிகிச்சை பெறாத நாய்களில் பத்தில் ஒன்பது வரை இறக்கலாம். நேரத்தோடு சேலைனும் முறையான பராமரிப்பும் கிடைத்தால் பத்தில் எட்டுக்கு மேல் பிழைக்கின்றன. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாட்கள்தான்.

காப்பகங்களில் இது ஏன் இவ்வளவு இலகுவாகப் பரவுகிறது? வைரஸ் உடலுக்குள் போன மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் பொதுவாக நோய் தெரியவரும். ஆனால் நோய் தெரிவதற்கு முன்னரே நாயின் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் காப்பகத்தில் துள்ளி விளையாடிய நாய் வீட்டுக்கு வந்த பிறகே விழுகிறது. அதற்குள் அது பக்கத்து நாய்களுக்கும் நோயைக் கொடுத்திருக்கும். மண்ணில் இந்த வைரஸ் பல மாதங்கள், சில இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடு கிடக்கும். செருப்பு, வாளி, சங்கிலி, வைத்தியரின் மேசை என எதிலும் அது பயணம் செய்யும்.

2022 ஓகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒட்சேகோ மாவட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் அடுத்தடுத்து இறந்தன. வைத்தியசாலைகளில் செய்த உடனடிப் பரிசோதனைகள் சிலவற்றில் பார்வோ இல்லை என்று வந்ததால் ஏதோ மர்ம நோய் என்று ஊரே பயந்தது. ஆய்வுகூடம் கடைசியில் பார்வோதான் என்று உறுதி செய்தது. இறந்த நாய்கள் தடுப்பூசியை முழுமையாகப் பெற்றிருக்கவில்லை. வசதிகள் நிறைந்த ஒரு நாட்டிலேயே ஊசி தவறிய நாய்களுக்கு இதுதான் நடந்தது.

முழுமையாக என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். குட்டிக்கு ஒரே ஓர் ஊசி போதாது. தாய்ப்பாலோடு வரும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியைக் காக்கும். அதே சக்தி ஊசி மருந்தை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் கடக்கும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பிறகு ஆறு மாதத்திலோ ஒரு வயதிலோ இன்னொன்று. கொழும்பிலிருந்து இரண்டு மாதக் குட்டியை வாங்கி, பஸ்ஸில் கல்முனைக்குக் கொண்டுவந்து, "ஒரு ஊசி போட்ட குட்டிதான்" என்று நிம்மதியடைபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகக் காப்பகத்திலிருந்து வந்த நாயின் வயிற்றோட்டம் எல்லாமே பார்வோ அல்ல. அதிகம் காணப்படுவது இதைவிட எளிதான ஒன்று. புது இடம், புது மணம், இரவெல்லாம் குரைக்கும் அயல் நாய்கள், சட்டென மாறிய சாப்பாடு எல்லாம் சேர்ந்து நாயின் பெருங்குடலைக் கலக்கிவிடும். நாய் அடிக்கடி குந்தும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகவே போகும். மலம் சளியாக இருக்கும், சிலவேளை சிவப்பு இரத்தக் கோடும் தெரியும். ஆனாலும் நாய் வாலை ஆட்டும், சாப்பாடு கேட்கும். தண்ணீரும் இலகுவான சாப்பாடும் கொடுத்து வந்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும்.

நடுவே வேறு காரணங்களும் உண்டு. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, நாய்கள் கூட்டமாக இருக்கும் இடங்களில் தண்ணீர்ச் சட்டி வழியாகப் பரவி, நாட்கணக்கில் இழுக்கும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். கொழுக்கிப் புழு கரையோர மணலில் நன்றாக வளரும். மாட்டுப்பட்டியில் விட்ட நாய் அறுப்புக் கழிவையும் கொழுப்பையும் எலும்பையும் தின்று வந்தால் கணையம் வீங்கலாம், எலும்பு குடலில் சிக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய நாட்களில் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

எதைப் பொறுத்துப் பார்க்கலாம், எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதைப் பிரிக்கச் சில அடையாளங்கள் போதும். நாய் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியா, பார்வோ ஊசி முழுமையாகப் போடாததா, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறதா, மலம் அடர்ந்த இரத்தமாகவோ கடும் நாற்றத்தோடோ போகிறதா, எழும்ப முடியாமல் கிடக்கிறதா, முரசு வெளிறியோ மஞ்சளாகவோ இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். அது உடனே பழைய இடத்துக்குப் போகாமல் மடிந்து நின்றால் உடலில் நீர் குறைந்துவிட்டது.

கல்முனைக் கரையில் இந்த அடையாளங்கள் பிந்தித் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சில் நஜீஸ் என்பதால் நாய் வீட்டுக்குள் வருவதில்லை. வயலுக்கும் பட்டிக்கும் வளவுக்கும் காவலாக அது வெளியிலேயே வாழ்கிறது. அதில் தவறு ஏதும் இல்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை மத்ரசாவில் கேட்டு வளர்ந்த சமூகம் இது. ஆனால் வெளியில் வாழும் நாய் எங்கே மலம் கழித்தது, எப்படிக் கழித்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. வெளியிடத்தில் தங்கி வந்த நாயைக் குறைந்தது பத்து நாட்களுக்கு ஒரு மூலையில் கட்டியோ கூட்டில் அடைத்தோ வைத்து, காலையும் மாலையும் அதன் மலத்தையும் சாப்பாட்டையும் பார்த்தால் இந்தக் குறை தீரும். அயல் நாய்களுக்கும் அது பாதுகாப்பு.

நாய் உற்சாகமாக இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி வையுங்கள். நாயை ஒரு நாள் பட்டினி போடுவது பழைய வழக்கம். இன்று அதை வைத்தியர்கள் பெரிதாக ஆதரிப்பதில்லை. 2003 இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வு ஒன்றில், பார்வோ வந்த 30 குட்டிகளில் ஆரம்பத்திலிருந்தே உணவு கொடுக்கப்பட்டவை மற்றவற்றைவிட விரைவாகத் தேறின. குட்டியைப் பட்டினி போடவே கூடாது. தோலும் கொழுப்பும் நீக்கி அவித்த கோழி இறைச்சியோடு குழைந்த சோற்றைச் சேர்த்து, உறைப்பு, தேங்காய்ப்பால், எண்ணெய் எதுவும் இல்லாமல் நாலைந்து நேரமாகப் பிரித்துக் கொடுங்கள். தேறிய பிறகு பழைய சாப்பாட்டுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோஃபென் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் தாக்கும். உள்ளியும் வெங்காயமும் தட்டிப்போட்ட ரசம் மனிதருக்கு நல்லது, நாய்க்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மனிதருக்கான வயிற்றோட்ட மாத்திரை குடலின் ஓட்டத்தை அடக்கி நஞ்சை உள்ளேயே தேக்கிவிடும். பாமசியில் கேட்டு வாங்கும் பிளாஜில் என்ற அன்டிபயோடிக்கும் எல்லா வயிற்றோட்டத்துக்கும் தேவையில்லை. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண வயிற்றோட்டம் வந்த 60 நாய்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். நல்ல பக்றீரியா கொடுத்த நாய்களும், பிளாஜில் மருந்து கொடுத்த நாய்களும், வெறும் போலி மருந்து கொடுத்த நாய்களும் குணமாக எடுத்த காலத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. தேவையில்லாத இடத்தில் அன்டிபயோடிக் கொடுப்பது பின்னால் தேவைப்படும்போது அது பலிக்காமல் போக வழிசெய்யும்.

பார்வோ என்று சந்தேகம் வந்தால் தூரம் ஒரு பெரிய தடை. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில் இருக்கின்றன. நீர் வற்றிய குட்டியை மஹியங்கனை வழியாக மலையேற்றிக் கொண்டுபோவதற்கு முன், அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் மிருக வைத்தியரிடமோ சேலைன் ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. புறப்படுமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் மற்ற நாய்களோடு கலக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

நாய் கிடந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மட்டும் போதாது. எச்சில் பட்ட பாத்திரத்தை மண்ணோடு சேர்த்து ஏழு தடவை கழுவுவது மார்க்கத்தின் சுத்தம். அதை அப்படியே செய்யுங்கள். வைரஸைக் கொல்ல அதற்கு மேலும் ஒன்று வேண்டும். மலத்தை அள்ளிப் புதைத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, கடையில் கிடைக்கும் திரவ பிளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். சீமெந்துத் தரைக்கு இது பலிக்கும். மணல் வளவில் பலிக்காது. அங்கே நல்ல வெயில் படவிட்டு, ஊசி முடியாத வேறு குட்டியைப் பல மாதங்களுக்குக் கொண்டுவராமல் இருப்பதே வழி.

நாயின் பார்வோ மனிதருக்கு வராது. ஆனால் நாயிடமிருந்து வரக்கூடிய வேறு இரண்டை இந்தக் கரையோர மக்கள் மறக்கக் கூடாது. 1911 இல் இலங்கையில் ஒரு மரநாயின் குடலில் கண்டெடுக்கப்பட்டு, சிலோன் என்ற பெயரையே தாங்கி நிற்கும் கொழுக்கிப் புழு இனம் ஒன்று நாயையும் மனிதரையும் சேர்த்துத் தாக்கக்கூடியது. வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. எலிக்காய்ச்சல் மற்றது. சத்தியோடு கண்ணும் முரசும் மஞ்சளாகிய நாயைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வயல் நாய்களுக்கு எலிக்காய்ச்சல் ஊசியும் இருக்கிறது, கேட்டுப் போடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் நாயின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் விசர்நோய் ஊசி மட்டும்தான் பதிந்திருக்கிறது என்றால் நாய் இன்னும் பாதுகாப்பாக இல்லை. வெளியே விடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னர் பார்வோ ஊசியையும் புழு மருந்தையும் முடியுங்கள். விடும் இடத்தில் மற்ற நாய்களுக்கும் அது போட்டிருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நாயோடு அதன் வழக்கமான சாப்பாட்டையும் சட்டியையும் அனுப்புங்கள். பார்வோவுக்குச் செலவாகும் சேலைனையும் ஓட்டத்தையும் விட அந்த ஊசி மிக மலிவு.