ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்கு – விடை மட்டும் இரண்டு!

ஒரு தொழிலாளியின் கூலி 412 ரூபாய் 50 காசு. சில்லறை இல்லாமல் முழு ரூபாயாக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டர் 413 என்கிறது. மறு மாதம், அதே கம்ப்யூட்டரில் அதே புரோகிராம் 412 என்கிறது!

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா? இல்லை. நடுவில் யாரோ பழைய 'பைதானை' எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறார்கள். இப்படி நடக்க வாய்ப்பு உண்டு.

பாம்பு அல்ல

பைதான் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பி.பி.சி. டெலிவிஷனில் வந்த 'மான்ட்டி பைதான்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயர் அது.

எழுதிய கட்டளையைப் படித்து நடத்திவைக்கும் மென்பொருளுக்கும் பைதான் என்றே பெயர். அதன் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய 2-ம் பதிப்போடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே மாற்றினார்கள்.

7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையது 3 என்னும், புதியது 3.5 என்னும். அரை ரூபாய் வந்தால் பழையது எப்போதும் மேலே தள்ளும். புதியது பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 412.50 என்றால் 412, 413.50 என்றால் 414. எப்போதும் மேலேயே தள்ளினால் மொத்தக் கணக்கு வீங்கிவிடும் என்பதால் இந்த முறை. நியாயம்தான். ஆனால் ஒரு ரூபாய் குறைந்தவருக்கு யார் விளக்கம் சொல்வது?

புரோகிராம் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். நிற்காமல் வேறு விடை சொன்னால்தான் ஆபத்து.

இரண்டும் இருக்கலாம்

பழையதை அழிக்க வேண்டியதில்லை. லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களுக்குப் 'பைஎன்வி' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி அறையில் வைக்கும். 'பைதான்' என்று யார் கூப்பிட்டாலும் முதலில் வாசலில் நிற்கும் காவலாளிபோல அதுவே குறுக்கிடும். எந்த ஃபோல்டரிலிருந்து அழைப்பு வருகிறது என்று பார்க்கும். அந்த ஃபோல்டரில் பதிப்பு எண் எழுதிய சின்ன ஃபைல் இருந்தால், அந்தப் பதிப்பிடம் வேலையை ஒப்படைக்கும். இல்லையென்றால் மேல் ஃபோல்டர்களில் தேடும். அங்கும் இல்லையென்றால் பொதுவாகக் குறித்த பதிப்பு. சம்பள ஃபோல்டருக்கு 2.7.18, மற்ற வேலைக்குப் புதியது என்று ஒருமுறை குறித்தால் போதும். துணை நூலகங்களை மட்டும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகப் போட வேண்டும்.

லினக்ஸோடு கூடவே வந்த பைதானில் மட்டும் கை வைக்கக் கூடாது. பல லினக்ஸ்களில் கம்ப்யூட்டரின் சொந்த வேலைகள் சில அதை நம்பியே நடக்கின்றன.

பழையதற்கு ஆயுள்

2-ம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. இனி அதில் ஓட்டை கண்டுபிடித்தாலும் அதை வெளியிட்டவர்கள் அடைக்க மாட்டார்கள். எனவே பழையதை இன்டர்நெட் தொடர்பில்லாத கம்ப்யூட்டரில் வைப்பது நல்லது.

மாற்றுவதற்கு முன் போன மாதச் சம்பளப் பட்டியலை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய் மாறினாலும் அந்த வரியைப் புரோகிராம் எழுதியவரிடம் காட்ட வேண்டும். அரை ரூபாயை மேலே தள்ளுவதா, கீழே விடுவதா என்பதைக் கணக்குப் பிரிவு எழுத்தில் கொடுத்துவிட்டால், அவர் அதைப் புரோகிராமிலேயே எழுதிவிடலாம்.