காலை இழந்த பின் ஆயுர்வேதம்: எந்தக் கட்டத்தில் எது உதவும்?

கால் ஒன்றைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்ற நேர்ந்தவர் வீடு திரும்பியதும் அவரைச் சூழ ஆலோசனைகள் குவிவது நம்மிடையே வழக்கமாகும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுமாறு ஒருவர் கூறுவார். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் இரத்த ஓட்டம் சீராகும் என்பார் மற்றொருவர். மீனும் முட்டையும் புண்ணைச் சீழ்ப்பிடிக்க வைக்கும், எனவே பத்தியம் காக்க வேண்டும் என்பார் இன்னொருவர். இவை அனைத்தும் நல்லெண்ணத்தில் எழுபவையே. எனினும் இவற்றுள் சில உரிய காலத்தில் பயன் தருபவை. அதே முறை உரிய காலத்துக்கு முன் கையாளப்பட்டால் எஞ்சியுள்ள அவயவத்துக்கும் கேடு விளைவிப்பது. ஆகவே, எது எந்தக் கட்டத்துக்குரியது என்ற தெளிவு நோயாளிக்கும் அவரது குடும்பத்தினருக்கும் இன்றியமையாததாகும்.

நமது நாட்டில் இவ்விடயம் கூடுதல் கவனத்தை வேண்டி நிற்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. 2009 இல் முடிவுற்ற யுத்தத்தின்போது ஷெல் வீச்சிலும் மிதிவெடியிலும் கால்களை இழந்தவர்களில் பலர் இன்று முதுமையை எட்டிக் கொண்டிருக்கின்றனர். இரண்டாவது காரணம் நீரிழிவு. இலங்கையில் வயது வந்தோரில் ஐவரில் ஒருவர் என்ற அளவில் இந்நோய் பரவியுள்ளது. நீரிழிவாளரின் கால் அகற்றப்படும் சந்தர்ப்பங்களில் சுமார் 85 வீதமானவை ஆறாத பாதப் புண்ணொன்றிலிருந்தே ஆரம்பிப்பதாக மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர், முதுமையில் மற்றைய காலில் நீரிழிவுப் புண்ணுடன் கிளினிக் வரிசையில் காத்திருக்கும் நிலை இவ்விரு காரணங்களும் ஒன்று சேரும் இடமாகும்.

இங்கு ஆயுர்வேதம் என்று கூறும்போது சட்டப்படி அது ஒரு முறையை மட்டும் குறிப்பதில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் இச்சொல்லினுள் அடக்குகிறது. கைதடியிலுள்ள சித்த வைத்தியசாலைக்குச் செல்பவரும், யூனானி வைத்தியரை நாடுபவரும் இக்கட்டுரையின் பொருளுக்கு உட்பட்டவர்களே. இம்முறைகளுக்கிடையிலான உறவும் புதியதன்று. சுஸ்ருத சங்கிதை அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் பக்தாதில் அறபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டதை அக்கால நூற்பட்டியல்கள் பதிவு செய்துள்ளன.

பழைய நூல் கூறும் ஒழுங்கு

சுஸ்ருத சங்கிதை ஒரு சத்திரசிகிச்சை நூல் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். புண்ணுக்கு 60 வகையான செய்முறைகளை அது வகுத்துக் கூறுகிறது. வீக்கத்தை வடியச் செய்தல், கீறுதல், தைத்தல், கசாயத்தால் கழுவுதல், எண்ணெய் இடுதல், புகையூட்டல், உணவு முறை என்பன அவற்றுட் சில. கட்டுப் போடுதலில் மாத்திரம் 14 வகைகள் கூறப்பட்டுள்ளன. காயமுற்றவர் தங்கும் அறை தூய்மையாக இருக்க வேண்டும், அவர் நகங்களை வெட்டித் தூய ஆடை அணிய வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது.

இந்த 60 முறைகளும் எல்லாப் புண்ணுக்கும் ஒருங்கே செய்யப்பட வேண்டியவை அல்ல. புண் எந்த நிலையில் உள்ளது என்பதைப் பார்த்தே முறை தெரிவு செய்யப்படுகிறது. புதிய காயம் வேறு, கெட்டுப்போன புண் வேறு. கெட்ட புண்ணை முதலில் சுத்தி செய்ய வேண்டும். அதன் பின்னரே ஆற்றும் மருந்து இடப்பட வேண்டும். இலகுவில் ஆறுபவை, சிரமத்துடன் ஆறுபவை, ஆறாதவை எனவும் புண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. நீரிழிவு உடையவரின் புண் சிரமத்துடனேயே ஆறும் என்று சுஸ்ருதர் அன்றே கூறியிருப்பது குறிப்பிடத்தக்கது. வீட்டில் அரைத்துப் பூசப்படும் மருந்து பெரும்பாலும் இந்த ஒழுங்கைக் கருத்திற் கொள்வதில்லை.

முதல் வாரங்கள்

கால் அகற்றப்பட்ட பின் எஞ்சிய முனை தையலிட்டு மூடப்படுகிறது. பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்களின் பின்னரே தையல் அகற்றப்படும்; குருதியோட்டம் குறைந்தவர்களுக்கு மேலும் காலம் எடுக்கலாம். இக்காலத்தில் மூடிய தையலின் மீது எண்ணெய், மஞ்சள், மூலிகைப் பசை, சாம்பல் எதுவும் இடப்படக் கூடாது. கிருமி நீக்கப்படாத எப்பொருளும் தையலினூடாகத் தொற்றை உள்ளே கொண்டு செல்லும். இந்நிலையில் தேவைப்படுவது தூய்மையும், வீக்கத்தை வடியச் செய்யும் முறையான கட்டுமே ஆகும். மீள்தகவுடைய கட்டினை முனையில் இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் சுற்றுவதற்கு வைத்தியசாலையிலேயே கற்றுத் தருவார்கள். குருதியோட்டம் மிகக் குறைந்தவருக்கு அழுத்தமான கட்டே தீங்காகலாம் என்பதால், இதனை அவர்களது ஆலோசனையின்றிச் செய்யலாகாது.

சுதேச மருத்துவம் இக்கட்டத்தில் உதவக் கூடிய இடம் உணவாகும். ஆனால் இங்கேதான் பத்தியம் என்ற பெயரில் பெருந்தவறு நிகழ்கிறது. புதிய தசையும் தோலும் உருவாவதற்குப் புரதம் அவசியம். மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றை நிறுத்திக் கஞ்சியும் இரசமுமாக நாட்களைக் கடத்துபவரின் புண் ஆறுவதற்குத் தாமதமாகும். மரக்கறி உணவினர் பயறு, கடலை, பருப்பு, தயிர் என்பவற்றைக் கூட்டிக் கொள்ளலாம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மாத்திரம் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். புகைபிடிப்பவர் அதனைக் கைவிடுவதே எந்தப் பத்தியத்திலும் மேலான பத்தியமாகும். ஆறாத புண்ணும் நீரிழிவும் உள்ள முஸ்லிம் அன்பர்கள் றமழான் நோன்பு தொடர்பாக முன்கூட்டியே வைத்தியரிடமும் உலமாக்களிடமும் ஆலோசிப்பது நன்று. நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகை யாவரும் அறிந்ததே.

ஆறாத புண்

சிலரது முனையில் புண் மூடாமல் நாட்பட்டுக் கிடக்கும். சுத்தி செய்தல், ஆற்றுதல் என்ற இரண்டு படிகளும் பொருந்துவது இத்தகைய புண்ணுக்கே. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாக் கசாயம் கழுவுவதற்குப் பயன்படுகிறது. அதற்குக் கிருமிகளைக் கட்டுப்படுத்தும் தன்மை இருப்பது ஆய்வுகூடச் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஆற்றுவதற்குப் புகழ்பெற்றது ஜாத்யாதி தைலம். பிச்சி இலை, வேம்பு, மஞ்சள், மஞ்சிட்டி ஆகியவற்றோடு சுத்தி செய்த மயில்துத்தமும் இதில் சேர்கிறது. மயில்துத்தம் செம்பின் உப்பு என்பதால் இத்தைலம் வீட்டில் காய்ச்சத் தக்கதன்று. பதிவு பெற்ற வைத்தியரின் மேற்பார்வையிலேயே பயன்படுத்தப்பட வேண்டியது.

தேன் எல்லாச் சமூகத்தவரும் மதிக்கும் மருந்து. அது புண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக் கிருமிகள் வளர்வதைத் தடுக்கிறது. தீக்காயங்களிலும், தொற்று ஏற்பட்ட சத்திரசிகிச்சைப் புண்களிலும் தேன் நல்ல பயன் தருவதாக 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு கூறியது. ஆயினும் நீரிழிவுப் பாதப் புண்ணைப் பொறுத்து அத்தகைய உறுதியான சான்று கிட்டவில்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது கதிர்வீச்சினால் கிருமி நீக்கப்பட்ட மருத்துவத் தேனாகும். கடையில் வாங்கும் தேனில் நோய்க்கிருமிகளின் வித்திகள் இருக்கக் கூடும்.

அட்டை விடுதல் சுஸ்ருதர் விரிவாகக் கூறிய முறை. இன்றைய சத்திரசிகிச்சையும் அதனை ஏற்றுள்ளது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004 இல் மருத்துவ அட்டைக்கு அனுமதி வழங்கியது. எனினும் அது எதற்கு என்பதை விளங்கிக் கொள்ள வேண்டும். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு வருபவை நாடிகள். திருப்பிக் கொண்டு செல்பவை நாளங்கள். மீள ஒட்டப்பட்ட விரலில் நாளம் அடைபட்டுக் குருதி தேங்கும்போது அட்டை அதனை உறிஞ்சி உதவுகிறது. நாடி அடைபட்டுக் குருதி வந்து சேராத காலில் அட்டை கடித்த ஒவ்வோர் இடமும் ஆறாத புதிய புண்ணாகலாம். ஹிஜாமா எனப்படும் குத்திக் குருதி எடுக்கும் முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீரிழிவாளரின் காலில் பெரும்பாலும் அடைபடுவது நாடியே என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

வலியின் இரு வகைகள்

கால் அகற்றப்பட்டவருக்கு இரண்டு வகையான வலிகள் ஏற்படுகின்றன. ஒன்று எஞ்சிய முனையின் வலி. தொற்று, வெட்டப்பட்ட நரம்பின் நுனியில் தோன்றும் முடிச்சு, பொருந்தாத செயற்கைக் கால் ஆகியவை இதன் காரணங்கள். மற்றையது இல்லாத காலில் உணரப்படும் வலி. இல்லாத பாதம் எரிவதாகவும், இல்லாத விரல்கள் முறுக்குவதாகவும் நோயாளி கூறும்போது வீட்டார் அவரது மனநிலையைச் சந்தேகிப்பதுண்டு. அது பிழையானது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வெயர் மிற்செல் 1871 இல் இதற்கு ஒரு பெயரே சூட்டினார். கால் அகற்றப்பட்டவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் இதனை அனுபவிக்கின்றனர். வலி உண்மையானது, அதன் இருப்பிடம் நரம்பு மண்டலமும் மூளையும் ஆகும்.

ஆயுர்வேதம் வலியை வாதத்தின் கோபமாகக் கொள்கிறது. எண்ணெய் தேய்த்தலும் ஒற்றடமும் அதற்குரிய பரிகாரங்கள். தையல் அகற்றப்பட்டு, தழும்பு முழுமையாக ஆறிய பின்னர் நல்லெண்ணெயினால் மெதுவாகத் தேய்ப்பது தழும்பை இளகச் செய்து, தொடுகைக்கு அஞ்சும் தோலைப் பழக்கப்படுத்துகிறது. இயன்மருத்துவரும் இதே நோக்கத்துடன் முனையைத் தடவிவிடப் பயிற்றுவிக்கிறார். இங்கு இரு மருத்துவங்களும் ஒரே இடத்தைச் சென்றடைகின்றன. ஆனால் உணர்ச்சி குறைந்த தோலில் சூடான ஒற்றடம் நோயாளி அறியாமலேயே தீக்காயத்தை உண்டாக்கும். எண்ணெய் இரவில் தேய்க்கப்பட்டு, காலையில் செயற்கைக் கால் பொருத்துமுன் நன்கு கழுவப்பட வேண்டும்.

இல்லாத காலின் வலிக்கு எண்ணெய் மட்டும் போதாது. தமிழகத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990 களில் எளிய வழியொன்றைக் கண்டார். இரு கால்களுக்கும் இடையே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நலமான காலை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்க்கும்போது, இழந்த கால் அசைவதாக மூளை உணர்கிறது. பலருக்கு இதனால் வலி தணிகிறது. எல்லோருக்கும் அல்லவெனினும், ஒரு கண்ணாடியின் விலையில் முயன்று பார்க்கத் தக்க சிகிச்சை இதுவாகும்.

எஞ்சிய காலின் குருதியோட்டம்

எண்ணெய் தேய்த்தால் தோல் வெதுவெதுப்படையும். ஆனால் கொழுப்புப் படிந்து அடைபட்ட நாடியை எந்தத் தைலமும் திறக்காது. நடக்கையில் கெண்டைக்கால் வலித்தல், பாதம் குளிர்ந்து வெளிறுதல், இரவில் காலைத் தொங்கவிட்டால் மாத்திரம் வலி குறைதல், விரல் கறுத்தல் ஆகியவை நாடி அடைப்பின் அறிகுறிகள். இவை தோன்றினால் வேறெங்கும் செல்லாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கால் திடீரென வீங்கி வலித்தால் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். அந்நேரத்தில் காலை உருவிவிடுவது உறைந்த கட்டியைச் சுவாசப்பைக்கு அனுப்பி உயிரையே பறிக்கக் கூடும்.

உட்கொள்ளும் மருந்துகளிலும் அவதானம் தேவை. நீரிழிவுக்கு இந்நாட்டில் பெயர்பெற்ற கொத்தலஹிம்புட்டு குருதியில் சீனியின் அளவைக் குறைக்க வல்லது. இன்சுலினோடும் மாத்திரைகளோடும் அது சேரும்போது அளவு ஆபத்தான நிலைக்குத் தாழலாம். அதிகளவில் உட்கொள்ளப்படும் உள்ளி, அஸ்பிரின், வோர்பரின் போன்றவற்றோடு சேர்ந்து குருதிப்பெருக்கை அதிகரிக்கச் செய்யலாம். 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்பனையான 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், இரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஒன்றேனும் காணப்பட்டது. நீரிழிவினால் ஏற்கனவே தளர்ந்த சிறுநீரகம் இவற்றைத் தாங்காது. ஆகவே பெயரும் தயாரிப்பாளரும் தெரியாத பொடிகளையும் பற்பங்களையும் தவிர்க்க வேண்டும்.

இவ்விரு மருத்துவங்களில் ஒன்றை மட்டுமே தெரிந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை. ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்ற வைத்தியரை நாடுவதும், அவர் தரும் மருந்துகளைச் சத்திரசிகிச்சை நிபுணரிடமும், நிபுணர் தரும் மாத்திரைகளைச் சுதேச வைத்தியரிடமும் காட்டுவதும் அவரது பொறுப்பு. கண்டிப்பார்களோ என அஞ்சி மறைப்பவர்கள் அதிகம். மறைக்கும் நிலைக்கு நோயாளியைத் தள்ளாமல் பொறுமையுடன் கேட்டறிவது இரு தரப்பு வைத்தியர்களின் கடமையுமாகும்.

காலையிழந்தவரின் வீட்டார் நாள்தோறும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மற்றைய பாதத்தையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறு கொப்புளமோ, வெடிப்போ, நிற மாற்றமோ தென்பட்டால் மருந்து அரைக்கத் தொடங்குமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது காலைக் காப்பாற்றக் கிடைக்கும் கால அவகாசம் பல வேளைகளில் சில நாட்கள் மாத்திரமே.