உதிராத நெல்

காட்டிலே தானாக வளரும் புல் மனிதனுடைய பசியைத் தீர்ப்பதற்காக விளைவதில்லை. தன் குலத்தைப் பெருக்குவதற்காகவே விளைகின்றது. நமது நெல்லின் முன்னோராகிய காட்டுநெல்லும் அத்தகையதே. அதன் மணிகள் முற்றியதும் கதிரிலிருந்து தாமாகவே கழன்று சேற்றில் வீழ்ந்துவிடும். ஒரு கதிரிலுள்ள மணிகள் யாவும் ஒரே நாளில் முற்றுவதுமில்லை. அருவி வெட்டி, சூடடித்து, நெல்லைப் பிரித்தெடுக்கின்ற கமக்காரனுக்கு இத்தகைய பயிரால் யாது பயன்? அவன் அரிவாளைக் கையில் எடுக்குமுன்பே விளைவிற் பெரும்பகுதி நிலத்துக்குப் போய்விடுமன்றோ?

அங்ஙனமாயின் இன்றைய நெல் எவ்வாறு தோன்றிற்று? ஆயிரக்கணக்கான காட்டுநெற் பயிர்களிடையே ஒன்றிரண்டில் மட்டும், பிறவிக் குறையொன்றினால், மணிகள் உதிராது நின்றிருக்கும். காட்டிலே அது கேடு, விதை பரவாது. ஆனால் கதிரை அரிந்து வீட்டுக்குக் கொண்டுசென்ற ஆதி மனிதனின் கூடைக்குள் உதிராத மணிகளே மிகுதியாகச் சென்றன. மறு பருவத்தில் அவன் விதைத்தவையும் அவையே. இங்ஙனம் மனிதன் தான் அறியாமலே செய்துவந்த தேர்வினைச் சார்ள்ஸ் டாவின் 1859 இல் வெளியிட்ட தமது பெருநூலின் முதல் அத்தியாயத்திலேயே எடுத்து விளக்கியுள்ளார்.

இம்மாற்றம் எத்துணை மெதுவாக நிகழ்ந்தது என்பதற்குச் சீன நாட்டில் யாங்ஸி ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள தியன்லுவோஷான் சான்று தருகின்றது. அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட நெல்லின் காம்படிகளை ஆராய்ந்தவர்கள் 2009 இல் தம் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கு 27 ஆக இருந்த உதிராத நெல், அதற்குப் பின் 300 ஆண்டுகளில் 39 ஆகவே உயர்ந்திருந்தது. முந்நூறு ஆண்டென்றால் பத்துத் தலைமுறைக்கு மேல். அவர்களுள் எவரும் தாம் ஒரு புதிய பயிரை உருவாக்குவதாக எண்ணியிருக்கமாட்டார். இதனை நினைக்குந்தோறும் என் உள்ளத்தில் வியப்பும் வணக்கமும் ஒருங்கே எழுகின்றன.

உதிர்தலைத் தடுத்த முக்கிய காரணங்களுள் ஒன்று, ஒரேயொரு பரம்பரையலகில் நேர்ந்த ஓர் எழுத்தளவான மாற்றம் என்பதை விஞ்ஞானிகள் 2006 இற் கண்டனர். அரிசியின் நிறமும் இத்தகைய கதையே. காட்டுநெல்லின் அரிசி சிவப்பு. அந்நிறத்தைத் தரும் பரம்பரையலகு பழுதுற்றதனாலேயே வெள்ளையரிசி பிறந்தது. யாழ்ப்பாணத்தவர் விரும்பியுண்ணும் மொட்டைக்கறுப்பனின் செந்நிறம், அப்பழைய நிறத்தின் எச்சமேயாகும். சிவப்பரிசியைத் தாழ்வாக எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

இருபதாம் நூற்றாண்டில் தேர்வு அறிந்து செய்யும் தொழிலாயிற்று. நமது நாட்டிலே பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் முருங்கைக்காயன் என்னும் உள்ளூர் நெல்லை மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லோடு கலந்து, 1950 களின் பிற்பகுதியில் எச் 4 என்னும் இனத்தைத் தந்தனர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 இல் ஐ.ஆர். 8 ஐ வெளியிட்டது. தைவான் நாட்டுக் குட்டைநெல்லொன்றின் குணம் அதிற் சேர்ந்தமையால், உரம் மிகுந்தாலும் பயிர் சாயாது நின்றது, விளைவு பெருகிற்று. பலகோடி மக்களின் பசி தணிந்தது. இந்நன்மையை நான் சிறிதும் குறைத்துரையேன்.

ஆயினும் இதற்கொரு விலை இருந்தது. புதிய இனங்கள் பரவப் பரவ, பழைய இனங்கள் வயலைவிட்டு அகன்றன. பரந்த நிலமெங்கும் ஒரேவகை நெல் நிற்குமாயின், அதனை வீழ்த்தக்க நோயொன்று எல்லாவற்றையும் வீழ்த்திவிடும். 1970 களில் ஆசிய நாடுகள் சிலவற்றில் கபிலநிறத் தத்தி பரப்பிய வைரசு நோயொன்று பயிரைப் புல்போற் குன்றச் செய்தது. எதிர்ப்புச் சக்தியைத் தேடி ஆயிரக்கணக்கான நெல்வகைகள் சோதிக்கப்பட்டன. தக்க எதிர்ப்பு இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து பெறப்பட்ட 'நிவாரா' என்னும் காட்டுநெல் மாதிரியொன்றிலேயே கிடைத்தது. 1976 இல் வெளியான ஐ.ஆர். 36 அந்த எதிர்ப்பைப் பெற்றே வயலுக்கு வந்தது. களையென்று ஒதுக்கப்பட்ட புல்லே இறுதியிற் பயிரைக் காத்தது!

அந்த 'நிவாரா' இனம் நம் இலங்கையின் ஆழமற்ற நீர்நிலைகளிலும் வளர்கின்றது. இத்தீவைத் தவிர வேறெங்குமில்லாத காட்டுநெல் இனமொன்றும் நம்மிடம் உண்டு. கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையம் பழைய விதைகளைக் குளிரறையிற் பேணுகின்றது. அது போற்றத்தக்க பணி. எனினும் குளிரறையில் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் நோய்க்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதில்லை. அதனை வயலிலேயே கற்கவேண்டும். ஆதலின் கமக்காரர் ஒவ்வொருவரும் காலபோகத்தில் ஒரு சிறு பாத்தியையேனும் பழைய விதைநெல்லுக்கென ஒதுக்கவேண்டும் என்பதே என் விண்ணப்பம். அதனால் அவர்க்கு நேரும் நட்டத்தை அரசாங்கமும் நாமும் பகிர்ந்துகொள்வது கடன். பேரறியா முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொறுக்கித் தந்த முதுசொம் அது. நம் காலத்தில் அது உதிர்ந்துபோதல் தகாது.