வாசலுக்கு நடந்து வந்த பொலிகுதிரை

1880-களில் நியூசிலாந்தில் வெளிவந்த ஒரு மாவட்டச் செய்தித்தாள். ‘டிமாரு ஹெரால்டு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆஷ்பர்ட்டன் கார்டியன்’ என்றாலும் சரி. செப்டம்பர், அக்டோபர் இதழைப் பிரித்தால், விளம்பரப் பத்தியில் பொலிகுதிரைகளின் பெயர்கள் கொட்டை எழுத்தில் வரிசையாக நிற்கும். இன்ன குதிரை இந்தப் பருவத்தில் இன்ன வட்டாரத்துக்குப் பொலிக்கு வரும், கட்டணம் இவ்வளவு என்று கீழே விவரம் இருக்கும். அவசரமாகப் புரட்டுகிறவர் தாண்டிப் போய்விடுவார். நிதானமாக வாசித்தால், ஒரு குடியேற்ற நாட்டின் விவசாயம் எப்படி நடந்தது என்பது அந்தச் சில வரிகளுக்குள்ளேயே கிடைக்கும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விளம்பரத்தை மேலிருந்து கீழ்வரை பிரித்துப் பார்ப்போம்.

முதலில் இடம். நியூசிலாந்தின் தென் தீவில், கிறைஸ்ட்சர்ச் நகரைச் சுற்றிப் பரந்து கிடப்பது கேன்டர்பரி சமவெளி. ஙாய் தாஹு என்ற மாவோரிப் பழங்குடியினரின் பூமி அது. 1848-இல் ஆங்கிலேய அரசு அந்த மாபெரும் நிலப்பரப்பை வெறும் 2,000 பவுனுக்கு எழுதி வாங்கியது. அவர்களுக்கென்று ஒதுக்குவதாகச் சொன்ன நிலத்தைக்கூட ஒழுங்காக ஒதுக்கவில்லை. 150 ஆண்டு கழித்து, 1998-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. குதிரைக் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிடக் கூடாது. குதிரைகள் உழுதது இந்த மண்ணைத்தான்.

1850 டிசம்பரில் குடியேறிகளின் முதல் கப்பல்கள் லிட்டல்டன் துறைமுகத்துக்கு வந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளில் சமவெளி கோதுமைக் காடாகிவிட்டது. டிராக்டர் இல்லாத காலம். ஏர் இழுப்பது, விதைப்பது, கதிர் அறுக்கும் இயந்திரத்தை இழுப்பது, மூட்டையை ரயிலடிக்குக் கொண்டுபோவது என எல்லாமே குதிரைதான். கதிரை அறுத்துக் கட்டாகக் கட்டிப் போடும் இயந்திரத்துக்கு மட்டும் மூன்று குதிரை பூட்ட வேண்டும். அந்தக் குதிரைகளுக்குத் தீனியாக ஓட்ஸ் பயிரிடவே தனியாக நிலம் ஒதுக்கினார்கள். 1911-இல் நாட்டில் குதிரைகளின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது. மக்கள்தொகை அப்போது 10 லட்சத்துச் சொச்சம். ஆக, நல்ல குதிரை வைத்திருந்தவனால்தான் பருவம் தவறாமல் விவசாயம் செய்ய முடிந்தது.

இனி விளம்பரத்துக்கு வருவோம். பெயருக்கு அடுத்தபடி இனம். பாரம் இழுக்கும் குதிரை என்றால் பெரும்பாலும் கிளைட்ஸ்டேல். ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுப் பக்கத்தில் உருவான இனம் இது. காலில் குஞ்சம் போல ரோமம் தொங்கும். எலும்பு கனம், நடை வீச்சு. தென் தீவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளமாகக் குடியேறியதால், அவர்களுக்குப் பழகிய குதிரையும் கூடவே வந்தது. இனத்தை அடுத்து நிறம், வயது, உயரம். உயரத்தைக் ‘கை’ கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். 16 கை என்றால் தோள்வரை 5 அடி 4 அங்குலம்.

பிறகு வம்சாவளி: தகப்பன் யார், தாய் யார், தாயின் தகப்பன் யார். கிளைட்ஸ்டேல் குதிரைச் சங்கம் 1877-இல் ஸ்காட்லாந்தில் தொடங்கி, வம்சாவளிப் பதிவேடு அச்சிட ஆரம்பித்தது. அதில் பெயர் ஏறிய குதிரைக்கு விலை தனி. கேன்டர்பரியில் ஐம்பது, நூறு ஏக்கர் வைத்திருந்த விவசாயி அப்படி ஒரு குதிரையைக் கப்பலில் வரவழைப்பதைக் கனவிலும் நினைக்க முடியாது. ஆனால் அவன் கொட்டிலில் ஒரு சாதாரணப் பெட்டைக் குதிரை இருக்கும். அதை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தால் பிறக்கிற குட்டிக்குப் பாதி உயர் ரத்தம். அந்தக் குட்டி பெட்டையாக இருந்து, அதையும் நல்ல பொலியோடு சேர்த்தால் முக்கால். அடுத்த தலைமுறையில் எட்டில் ஏழு பங்கு. நான்காம் தலைமுறையில் பதினாறில் பதினைந்து பங்கு. ஆண் குதிரை ஒன்றுகூடச் சொந்தமாக வாங்காமலே பதினைந்து, இருபது ஆண்டுகளில் அவனுடைய கொட்டில் வேறு கொட்டிலாகிவிடும். அந்த விளம்பரம் விற்றது இந்த வாய்ப்பைத்தான்.

அடுத்து வழித்தடம். விளம்பரத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். திங்கள் இந்த ஊர், செவ்வாய் அந்த ஊர் விடுதி, புதன் ஆற்றுக்கு அக்கரை, சனிக்கிழமை சந்தை ஊர் என்று கிழமை வாரியாக எழுதியிருக்கும். நம் ஊரில் பொலிகாளை இருக்கும் இடத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவோம். அங்கே பொலிகுதிரை விவசாயியின் வாசலுக்கு நடந்து வந்தது. பராமரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றுவார்.

ஏன் வாரம் ஒரு முறை? காரணம் பெட்டைக் குதிரையின் உடம்பில் இருக்கிறது. வசந்தமும் கோடையும்தான் அதன் இனப்பெருக்கக் காலம். பகல் நீள நீளத்தான் பருவம் வரும். தெற்குக் கோளத்தில் அது செப்டம்பரில் தொடங்குகிறது. பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் குதிரையை ஏற்கும் நாட்கள் ஐந்து முதல் ஏழு. வாரம் ஒரு நாள் பொலிகுதிரை வந்து போனால் அந்தச் சில நாட்கள் பெரும்பாலும் தப்பாது. குட்டி போட்ட பெட்டை ஒன்பதாம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியையும் தாயையும் பல மைல் ஓட்டிக்கொண்டு போக முடியாது. உழவு நேரத்தில் குதிரையை வேலையிலிருந்து அவிழ்த்து அனுப்பவும் மனம் வராது. அதனால்தான் பொலிகுதிரை நடந்தது.

வாசலுக்கு வந்ததும் நடப்பதைப் பாருங்கள். பெட்டையைக் கனமான மரத்தடுப்புக்கு ஒரு பக்கம் நிறுத்துவார்கள்; பொலிகுதிரையை மறுபக்கம் கொண்டுவருவார்கள். பெட்டை காதைப் பின்னால் மடக்கி, கத்தி, பின்னங்காலால் தடுப்பை உதைத்தால் இன்னும் பருவம் இல்லை. கால் அகட்டி நின்று வாலை ஒதுக்கினால் சேர்க்கலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி இதே சோதனை. இம்முறை உதைத்தால் அநேகமாகச் சினை நின்றுவிட்டது என்று அர்த்தம். ஸ்கேன் இல்லாத காலத்தில் இந்த உதைதான் நல்ல செய்தி. சினைக்காலம் சுமார் 11 மாதம். பிறந்த குட்டி ஏருக்குப் பழக இரண்டு, மூன்று வயதாகும். இன்றைக்குச் சேர்த்தால் பலன் கைக்கு வர மூன்று, நான்கு ஆண்டு.

கடைசியாகக் கட்டணம். ஒரு பெட்டைக்குப் பெரும்பாலும் சில பவுன். பராமரிப்பாளருக்குச் சில ஷில்லிங் தனி. அதை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பெரிய தொகைக்குப் பல விளம்பரங்களில் தவணை இருக்கும், ஜனவரி முதல் தேதி, பிப்ரவரி முதல் தேதி என்று. தெற்கில் அது கோதுமை அறுவடைக் காலம். கையில் காசு வரும் நேரம் பார்த்துத்தான் பாக்கியைக் கேட்டார்கள். சினை நின்றால் மட்டும் முழுத்தொகை என்று ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. கூடவே, கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் விபத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் இருக்கும். ஏழை விவசாயிக்கும் உயர்ந்த இரத்தத்துக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்தவை இரண்டு: பராமரிப்பாளரின் நடையும் இந்த அறுவடைத் தவணையும்.

பாரக் குதிரை மட்டுமல்ல, சவாரிக்கும் வண்டிக்கும் உரிய இலேசான இனங்களும் இதே பத்தியில் விளம்பரமாயின. பக்கத்து ஆஸ்திரேலியாவில் அப்படி வளர்ந்த குதிரைகள் 1830-களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு ‘வேலர்’ என்று பெயர். கல்கத்தாவிலும் நம் சென்னையிலும் இறங்கி, குதிரைப்படைக்கும் பீரங்கி இழுக்கவும் போயின.

பொலிகுதிரையை வாசல் வாசலாகக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் ஆபத்தும் இருந்தது. ஒரு பெட்டை நோஞ்சானாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் கெடும். பொலிகுதிரை ஒரு பருவத்தில் பல பத்துப் பெட்டைகளைச் சேரும். அதற்குப் பரம்பரைக் குறை இருந்தால் மாவட்டமே கெடும். ஓடும்போது மூச்சில் இரைச்சல், குளம்புக்கு மேலே எலும்பு தடித்தல், கண்புரை ஆகியவை பரம்பரையாக வரும் என்று அக்காலக் கால்நடை மருத்துவர்கள் எச்சரித்தார்கள். குறையுள்ள குதிரையின் கட்டணம் குறைவு. பணமில்லாதவன் அதைத்தான் தேடிப் போவான். பிரிட்டன் 1918-இல்தான் சட்டம் கொண்டுவந்து, உரிமம் இல்லாத பொலிகுதிரையைச் சுற்றுக்குக் கொண்டுபோவதைத் தடுத்தது. மிகவும் தாமதம் என்பேன். வாங்குகிறவனின் வறுமையைத் தரத்தின் அளவுகோலாக விட்டுவைத்தால், கெடுதல் அவனுடைய பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

முதல் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்தது. பொலிகுதிரைகளின் சுற்று மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. நியூசிலாந்து தேசிய நூலகம் அந்தப் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால், குதிரையின் பரிசுப் பட்டியலையும் வம்சத்தையும் பிறகு வாசியுங்கள். முதலில் வழித்தடத்தையும் பணம் கட்டும் தேதியையும் பாருங்கள். அந்தக் குதிரை யாருக்காக நடந்தது என்பதை அவை சொல்லிவிடும்.