இரு செவியும் கேட்கட்டும்

இயற்கை நமக்கு இரண்டு காதுகளை ஏன் கொடுத்தது? ஒலி இன்னதென்று அறிய ஒரு காது போதும். அது எங்கிருந்து வருகிறது என்று அறியத்தான் மற்றொன்றும் வேண்டியிருக்கிறது. வலப்புறம் நின்று ஒருவர் அழைத்தால், அக்குரல் முதலில் வலக்காதை அடைகிறது. இடக்காதுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. அத்தாமதம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. தலையும் திரைபோல் நின்று, உச்சத்தொனி ஒலிகளின் வலிமையை மறுபுறத்தில் குறைக்கிறது. இச்சிறு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை உணர்கிறது.

பழைய இசைத்தட்டுகளுக்குத் திசை கிடையாது. பாட்டும் பக்க வாத்தியமும் ஒரே புள்ளியிலிருந்து ஒலித்தன. இக்குறையைப் போக்க, ஆங்கிலப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-இல் இரட்டை ஒலிப்பதிவு முறைக்குக் காப்புரிமை கோரினார். எனினும், அத்தகைய ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 வாக்கில்தான் கடைகளில் பரவலாயின. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார்.

ஒலிபெருக்கி இருக்க, ஹெட்போன் எதற்கு? அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்தால், இடப்பக்கத்து ஒலி வலக்காதுக்கும், வலப்பக்கத்து ஒலி இடக்காதுக்கும் சென்று கலக்கின்றன. சுவர்களின் எதிரொலி வேறு சேர்ந்துகொள்கிறது. ஹெட்போனிலோ அந்தந்தப் பக்கத்து ஒலி அந்தந்தக் காதுக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே, ஒலியின் இடத்தையும் இசையின் உறுப்பாக எண்ணிச் செய்யப்பட்ட தொகுப்புகளே ஹெட்போனில் சிறக்கின்றன.

லண்டனின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் உருவாக்கி, 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதற்கு நல்ல சான்று. மெல்லிய இதயத் துடிப்போடு அது தொடங்குகிறது; மின்விசிறியின் இரைச்சலில் அத்துடிப்பு மறைந்துபோகும். 'ஆன் தி ரன்' என்ற பகுதியில் ஓசைகள் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடுகின்றன. 'டைம்' பாட்டின் முகப்பில் பல கடிகாரங்கள் ஒருசேர அலறுகின்றன. அவற்றைப் பதிவு செய்தவர் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ்.

நம்மவர் படைப்பிலும் சான்று உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. கருநாடக இசையையும் மேனாட்டு இசையையும் இணைத்த அத்தொகுப்பில், ஒரு மெட்டு மேலே செல்லும்போதே மற்றொன்று கீழே தனி வழி நடக்கும். மேலதை எவரும் கேட்பர். கீழதைத் தொடர்ந்து செல்ல ஹெட்போன் பெருந்துணை.

ஸ்டீரியோ என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' தொகுப்பின் 1965-ஆம் ஆண்டு ஸ்டீரியோ பதிப்பில் குரல் பெரும்பாலும் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம். அறையில் கேட்க அது தவறில்லை. ஹெட்போனில் கேட்டால் தலையை இரண்டாகப் பிளந்தாற்போல் இருக்கும்! இதற்கு நேர்மாறானது, பொம்மைத் தலையின் இரு காதுகளிலும் ஒலிவாங்கி பொருத்திப் பதியும் 'பைனாரல்' முறை. அது ஹெட்போனுக்கென்றே பிறந்தது. பெர்ல் ஜாம் குழுவினர் இப்பெயரிலேயே 2000-இல் வெளியிட்ட தொகுப்பில் சில பாடல்கள் இவ்வகையின.

நண்பர்களே, விடுதியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்து கேட்கிறோம். நட்புக்கு அது அழகே; ஆயினும் மேற்சொன்ன இசைத்தொகுப்புகளை அவ்வாறு கேட்டால் இருவருக்கும் பாதிதான் கிட்டும். இடம் வலம் குறித்த எழுத்தைப் பார்த்து அணிவதும் முக்கியம். மாற்றி அணிந்தால் திசையெல்லாம் தலைகீழாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒலி கூடக்கூட நேரம் விரைந்து குறையவேண்டும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வெளி இரைச்சலை வெல்லவே நாம் ஒலியைக் கூட்டுகிறோம். ஆகையால் அமைதியான வேளையைத் தேர்ந்து, தாழ்ந்த ஒலியில், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். இதுகாறும் கேளாத ஒன்று கேட்கும்.